தொழிலாளரின் மூத்த சகோதரி அனசூயா சாராபாய்

சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து காவிரிக்கரை வரை பரந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளி, உழவோடு நெசவையும் நம்பி வாழ்வது. அம்மாப்பேட்டையில் பட்டுத்தறி, திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் ஆகிய ஊர்களில் விசைத்தறி, இடையிடையே நூற்பாலைகள் என்று தறியோசை கேளாத ஊர் அங்கே குறைவு. பணி நிமித்தம் அப்பகுதியில் வாழும் நம் குடும்பத்தினர் இதனை நன்கறிவர். நமக்கு வர்த்தமானர் முத்தியடைந்த திருநாளாகிய தீபாவளி, அங்குள்ள தறித்தொழிலாளருக்குப் போனஸ் பேச்சுவார்த்தையின் எல்லை நாளுமாகும். உரிமையாளர் ஒருபுறமும் தொழிற்சங்கத்தார் மறுபுறமும் அமர, அரசு அலுவலர் நடுவே இருந்து பேசி முடிப்பது அங்கு வழக்கம். எத்தனை சதவீதம் என்பதே வெளியில் தெரியும் செய்தி. ஆனால் ஒருவர் எத்தனை தறி பார்ப்பது, இரவு முறை யாருக்கு, பழுதான துணிக்குப் பிடித்தம் எவ்வளவு என்பனவற்றை யார் முடிவு செய்வது என்ற வினா அச்சதவீதத்துக்குப் பின்னே எப்போதும் நின்றுகொண்டிருக்கிறது. தன் வேலையைப் பற்றிய முடிவில் தனக்கும் ஒரு சொல் உண்டு என்று எண்ணுபவன் அவ்வேலையை விரும்பிச் செய்கிறான். அச்சொல் மறுக்கப்பட்டவன் கூலியை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

இவ்வுண்மையை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே உணர்ந்து, அதற்காகத் தன் உடன்பிறந்த தம்பியையே எதிர்த்து நின்ற பெண்மணி ஒருவர் சமணக் குடியில் பிறந்தவர் என்பது நம்மில் பலர் அறியாதது. அவரே அகமதாபாத் நகரத்து அனசூயா சாராபாய் அம்மையார். இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்கு வித்திட்ட விக்ரம் சாராபாயை அறியாதார் இலர். அவருடைய தந்தையின் தமக்கையே இவ்வம்மையார்.

அனசூயா 1885ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் பிறந்தார். குடும்பம் பஞ்சாலை நடத்திய செல்வக் குடும்பம். எனினும் செல்வம் தடுக்க இயலாத துயரம் இளமையிலேயே வந்தது. அவருக்கு ஒன்பது வயதாகும்போது பெற்றோர் இருவரும் மறைந்தனர். அவரும், தம்பி அம்பாலாலும், ஒரு தங்கையும் சிற்றப்பனார் பொறுப்பில் வளர்ந்தனர். பதின்மூன்றாம் வயதில், அக்கால வழக்கப்படி, விருப்பம் கேட்கப்படாமலே திருமணம் நடந்தது. அம்மணவாழ்க்கை நிலைக்கவில்லை. விரைவிலேயே பிறந்தகம் திரும்பினார். தன் வாழ்வைப் பற்றிய முடிவுகளைப் பிறரே எடுக்க, அதனை வாய்மூடி ஏற்கவேண்டிய நிலை எத்தகையது என்பதை அவர் நூல்களில் படித்து அறியவில்லை.

தமக்கையின் மனத்தை அறிந்தவர் தம்பி அம்பாலால். அவருடைய துணையால் 1912இல் மருத்துவம் பயில இங்கிலாந்து சென்றார். அங்கே ஒரு தடை எழுந்தது. மருத்துவக் கல்வியில் உயிரினங்களை அறுத்துப் பார்த்தல் கட்டாயம் என்று தெரிந்தபோது, பிறந்த குடியின் கொல்லாமை நெறி அவரை அதற்கு இசையவிடவில்லை. கடல் கடந்து வந்த நோக்கத்தையே கைவிட்டு, இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். மரபால் அவர்கள் சுவேதாம்பரர், நாம் திகம்பரர் என்ற வேறுபாடு இருப்பினும், இவ்விடத்தில் அவ்வம்மையார் நம் வீட்டுப் பெண்ணாகவே தோன்றுகிறார். அங்கே சமவுடைமைச் சிந்தனையாளரான ஃபேபியன் சங்கத்தாரின் கருத்துகளும், பெண்களின் வாக்குரிமைப் போராட்டமும் அவரை ஈர்த்தன. குடும்பக் காரணங்களால் 1913இல் நாடு திரும்பினார்.

திரும்பியவர் முதலில் செய்தவை எல்லாம் நாம் வழக்கமாக அறச்செயல் என்று போற்றுபவையே. சாதி வேறுபாடு பாராமல் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளுக்குக் காப்பகம், பெண்களுக்குக் கழிப்பிடம், மகப்பேற்று இல்லம் ஆகியவற்றை ஏற்படுத்தினார். ஒருநாள் காலை, நடக்கவும் வலுவின்றித் தள்ளாடி வந்த பதினைந்து பெண் தொழிலாளரைக் கண்டார். காரணம் கேட்டார். முப்பத்தாறு மணிநேரம், இரண்டு இரவும் ஒரு பகலுமாகத் தொடர்ந்து வேலை செய்துவிட்டு வீடு திரும்புவதாக அவர்கள் கூறினர். அன்று அவர் உள்ளத்தில் ஏற்பட்ட மாறுதலே அவர் வரலாற்றின் திருப்புமுனை. பள்ளியும் காப்பகமும் நல்லவையே. ஆயினும் முப்பத்தாறு மணிநேரம் ஒருவரை நிற்கவைக்கும் முடிவு ஆலைக்குள் எடுக்கப்படும்போது, அங்கே தொழிலாளிக்கு வாய் இல்லையேல், வெளியே செய்யும் தருமம் ஓட்டைக் குடத்தில் வார்த்த நீரே. கொடுப்பவராக இருந்த அம்மையார் கேட்பவர்களோடு சேர்ந்து நிற்பவரானார். 1914 முதலே தொழிலாளரை ஒன்றுசேர்க்கும் பணியில் ஈடுபட்டார். 1917ஆம் ஆண்டின் இறுதியில் பாவு ஓட்டும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் தலைமை தாங்கினார்.

இதற்கிடையே காந்தியடிகள் 1915இல் அகமதாபாத்தில் ஆசிரமம் நிறுவியிருந்தார். தீண்டாமைக்கு ஆளான குடும்பம் ஒன்றை ஆசிரமத்தில் சேர்த்ததால் நன்கொடைகள் நின்றுபோயின. அப்போது காரில் வந்து பதின்மூவாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டுச் சென்ற செல்வர் அம்பாலால் சாராபாயே என்பது பின்னர் அறியப்பட்டது. அம்பாலாலைக் கல்நெஞ்சக்காரர் என்று எவரும் எண்ணிவிடலாகாது என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறோம். நல்லவரான ஒரு முதலாளியே தொழிலாளியின் சொல்லைக் கேட்க மறுத்தார் என்பதுதான் இவ்வரலாற்றில் நாம் கூர்ந்து நோக்கவேண்டியது.

1917இல் அகமதாபாத்தில் பிளேக் நோய் பரவியது. தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாமலிருக்க ஆலையார் பிளேக் போனஸ் என்னும் மிகை ஊதியம் கொடுத்தனர். சிலருக்கு அது கூலியில் எழுபது சதவீதத்துக்கும் மேலாக இருந்தது. நோய் தணிந்ததும், 1918 தொடக்கத்தில், அதனை நிறுத்த முற்பட்டனர். உலகப் போரினால் விலைவாசி ஏறியிருந்த காலம் அது. நெசவுத் தொழிலாளர் ஐம்பது சதவீத உயர்வு கேட்டனர். ஆலையார் இருபதுக்கு மேல் தர இசையவில்லை. ஆலையார் தரப்பின் தலைவர் அம்பாலால். தொழிலாளர் தரப்பில் நின்றவர் அனசூயா.

அம்மையாரின் அழைப்பை ஏற்றுக் காந்தியடிகள் இவ்வழக்கில் இறங்கினார். அவரும், அனசூயா அம்மையாரும், சங்கர்லால் பாங்கரும் பம்பாய் ஆலைகளின் கூலி, அகமதாபாத் ஆலைகளின் நிலை, தொழிலாளியின் வீட்டுச் செலவு ஆகியவற்றை ஆராய்ந்து, முப்பத்தைந்து சதவீதமே நியாயம் என்று கண்டனர். ஐம்பது கேட்டவர்களிடம் முப்பத்தைந்து போதும் என்று சொல்வது எளிதன்று. தலைவர்கள் முடிவு செய்துவிட்டு அறிவித்திருந்தால் கூட்டம் சிதறியிருக்கும். தொழிலாளரை அழைத்து, கணக்கை விளக்கி, அவர்கள் இசைந்த பின்னரே அந்த எண் கோரிக்கையாயிற்று. தங்களைக் கேட்டு எடுத்த முடிவாதலால், குறைந்த எண்ணையும் தம்முடையதாக ஏற்றனர். அதைப் பெறாமல் வேலைக்குத் திரும்புவதில்லை என்று விரதம் பூண்டனர்.

பிப்ரவரி 22ஆம் நாள் கதவடைப்புத் தொடங்கியது. சபர்மதி ஆற்றங்கரையில் ஒரு கருவேல மரத்தடியில் நாள்தோறும் மாலையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் கூடினர். ஒவ்வொரு நாளும் ஒரு துண்டறிக்கை அனசூயா அம்மையாரின் பெயரில் வெளிவந்து, அங்கே உரக்கப் படிக்கப்பட்டது. கூலிக் கணக்கு, முதலாளியின் கடமை, தொழிலாளியின் கடமை, பிறநாட்டு வேலைநிறுத்தங்களின் வரலாறு எனப் பலவும் அவற்றில் விளக்கப்பட்டன. படிக்கத் தெரியாதவருக்கும் வழக்கின் விவரம் முழுவதும் தெரிந்திருக்கவேண்டும் என்பதே நோக்கம். காலையும் மாலையும் அம்மையார் தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் சென்று நோயாளிகளைப் பார்த்தார், பிற வேலை தேடித் தந்தார், மனக்குறைகளைக் கேட்டார். இத்தனை பகையிலும் உடன்பிறப்பு அறுபடவில்லை. தம்பி ஆசிரமத்துக்கு உணவுண்ண வர, தமக்கை பரிமாறினார் என்று கூறுவர்.

மார்ச் 12ஆம் நாள் ஆலையார் கதவைத் திறந்து, இருபது சதவீதம் ஏற்பவர் வரலாம் என்றனர். பட்டினி தொழிலாளரின் உறுதியை அரித்துக்கொண்டிருந்தது. அழைக்கச் சென்றவர்களிடம் ஒரு குடியிருப்பில் கசப்பான சொல் எழுந்தது. அம்மையாரும் காந்தியடிகளும் காரில் வந்து போகிறவர்கள், வயிறார உண்கிறவர்கள், பட்டினியின் வலி அவர்களுக்கு என்ன தெரியும் என்பது அதன் கருத்து. மறுப்பதற்கில்லாத சொல். பிறருடைய வயிற்றைப் பற்றிய முடிவில் அமர்பவர் அவ்வயிற்றின் பசியையும் பகிரவேண்டும் என்று அந்தப் பெயர் தெரியாத தொழிலாளி கேட்டுவிட்டான். மார்ச் 15ஆம் நாள் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கியதற்கு அச்சொல்லும் ஒரு காரணம். மூன்று நாளில் உடன்பாடு ஏற்பட்டது.

உடன்பாட்டின் அமைப்பு விந்தையானது. முதல் நாள் முப்பத்தைந்து சதவீதம், தொழிலாளரின் விரதம் காக்கப்பட்டது. இரண்டாம் நாள் இருபது சதவீதம், ஆலையாரின் சொல் காக்கப்பட்டது. மூன்றாம் நாள் முதல் நடுவர் தீர்ப்பு வரும்வரை இரண்டிற்கும் இடைப்பட்ட இருபத்தேழரை சதவீதம். ஒவ்வொரு தரப்பிலும் ஓர் உண்மைக் கூறு உண்டு என்னும் நம் அநேகாந்த நெறியைக் கூலிக் கணக்கில் எழுதிக் காட்டினாற்போல் இது அமைந்துள்ளது. நடுவராகப் பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவா இருந்து, ஆகஸ்டு மாதம் முப்பத்தைந்து சதவீதமே நியாயம் என்று தீர்ப்பளித்தார்.

இதே 1918இல் ஏப்ரல் 27ஆம் நாள் நம் சென்னையில் பி.பி. வாடியா தலைமையில், திரு.வி.க. போன்றோர் துணையுடன் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் 1921இல் நடந்த நெடிய வேலைநிறுத்தம் தோல்வியுற்றது. அடுத்த ஆண்டு நிர்வாகமே அங்கு ஒரு தொழிலாளர் குழுவை அமைத்தது. குழு இருந்தது, ஆனால் சங்கம் ஒடுக்கப்பட்ட பின்னர் மேலிருந்து வந்தது. அகமதாபாத்தில் நடந்ததோ வேறு. 1920 பிப்ரவரியில் மஜூர் மகாஜன் என்னும் நெசவாலைத் தொழிலாளர் சங்கம் உருவாகி, அனசூயா அம்மையார் அதன் முதல் தலைவரானார். செல்வக் குடும்பத்துப் பெண் ஒருவர் தொழிற்சங்கத் தலைவியாவது அந்நாளில் எவரும் எதிர்பாராதது. அதே ஆண்டில் நிலையான நடுவர் மன்றமும் அமைந்தது. தொழிலாளர் சார்பில் காந்தியடிகள், ஆலையார் சார்பில் மங்கள்தாஸ் கிரிதர்தாஸ். இருவரும் ஒத்துவராவிடில் மூன்றாமவரிடம் செல்வது முறை.

மன்றம் பெரிய வழக்குகளுக்கு உரியது. அன்றாடம் நடந்ததைக் கவனித்தால்தான் சங்கத்தின் பயன் விளங்கும். பிரிவுதோறும் தொழிலாளர் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தனர். குடிநீர், காற்று, அபராதம், நூலின் தரக்குறைவு, மேஸ்திரியின் கடுஞ்சொல் என எக்குறையாயினும் பிரதிநிதி வழியாகச் சங்கத்துக்கும், அங்கிருந்து ஆலை நிர்வாகத்துக்கும் சென்றது. நூல் அறுந்துகொண்டே இருந்தால் நெய்பவனுக்குக் கூலி குறையும், திட்டும் கிடைக்கும். நூல் சரியில்லை என்று சொல்ல ஓர் இடம் இருந்தால் அவன் மனம் பாதி ஆறிவிடும். இதனைப் பள்ளிபாளையத்துத் தறிக்காரரிடம் கேட்டாலும் சொல்வார்.

எல்லாம் இனிதே நடந்தது என்று எழுதுவது வரலாறாகாது. 1923இல் ஆலையார் கூலியைக் குறைத்தனர். காந்தியடிகள் அப்போது சிறையில் இருந்தார். ஏறத்தாழ இரண்டு மாத வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. பதினைந்து சதவீதத்துக்கும் மேற்பட்ட குறைப்பைத் தொழிலாளர் ஏற்கவேண்டியதாயிற்று. ஒரு தரப்பு மேசைக்கு வர மறுத்தால் நடுவர் மன்றம் வெறும் ஏட்டளவே என்பதை அவ்வாண்டு காட்டியது. சங்கத்தில் படித்தோரும் மேற்குடியினருமே வழிநடத்தினர், தொழிலாளர் பின்தொடர்ந்தனர் என்று பின்னாளில் கூறிய குறையும் ஒதுக்கத்தக்கதன்று. அம்மையாரோ தம் பணியை நிறுத்தவில்லை. 1927இல் தொழிலாளரின் பெண்மக்களுக்காகக் கன்யாகிருகம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். மோட்டாபேன், அதாவது மூத்த சகோதரி, என்றே தொழிலாளர் அவரை அழைத்தனர்.

அவரோடு கருவேல மரத்தடியில் நின்ற சங்கர்லால் பாங்கர் 1925இல் அகில பாரத சர்க்கா சங்கத்தின் செயலாளரானார். அதே 1925இல்தான் இராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, சுற்றுப்புறக் கிராமங்களில் கதர் நூற்பையும் நெசவையும் வளர்த்தார். அகமதாபாத் ஆலைத் தொழிலாளியோடு நின்றவரும், கொங்கு நாட்டு இராட்டைக்காரியின் கூலிக்காக உழைத்தவரும் ஒரே இயக்கத்தில் பணிபுரிந்தனர் என்பது நாமக்கல் மாவட்டத்தார் நினைவிற்கொள்ளத்தக்கது.

அம்பாலாலின் மகன் கௌதம் சாராபாய் குடும்பத்தின் காலிகோ ஆலையை நடத்திய காலத்தில், 1953இல், நிகழ்ந்த ஒரு சோதனையை இங்குச் சொல்லாமல் விடுவதற்கில்லை. இலண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் அங்கு வந்தார். ஒரு கூடத்தில் 224 தானியங்கித் தறிகள், 29 தொழிலாளர். புத்தம்புதிய எந்திரங்கள் இருந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி இல்லை. பார்த்தபோது காரணம் புலனாயிற்று. அந்த 29 பேரின் வேலை பன்னிரண்டு கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நெய்பவர் ஒருவர், கண்டு நிரப்புபவர் ஒருவர், அறுந்த இழை முடிபவர் ஒருவர், எண்ணெய் இடுபவர் ஒருவர் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே பல தறிகளுக்கு ஓடினர். ஒரு தறி நின்றால் அது எவருடைய பொறுப்பும் அன்று. குறிப்பிட்ட தறிகளை ஒரு சிறு குழுவின் பொறுப்பில் விட்டால் என்ன என்று பேச்சு எழுந்ததும், மேஸ்திரிகளும் தொழிலாளரும் அதைப் பற்றிக்கொண்டு, யார் யாரோடு சேர்வது என்பதைத் தாமே முடிவு செய்து குழுக்களை அமைத்துவிட்டனர். நிர்வாகம் பட்டியல் போடவில்லை. தொடக்கத்தில் தடுமாற்றம் இருந்தது. அது தெளிந்த பின், 80 சதவீத அளவில் இருந்த தறிகளின் செயல்திறன் 95 ஆயிற்று. 32 சதவீத அளவில் இருந்த பழுதுத் துணி 20 ஆகக் குறைந்தது. ஆட்களும் அவர்களே, எந்திரமும் அதுவே. 1970இல் மீண்டும் ஆராய்ந்தபோது ஒரு கூடத்தில் மட்டும் அம்முறை உயிரோடு இருந்தது, மற்றவற்றில் பழைய வழக்கமே திரும்பியிருந்தது. அனசூயா அம்மையாருக்கும் இச்சோதனைக்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆயினும் தமக்கை மரத்தடியில் கேட்ட அதே கேள்விக்கு, தம்பியின் ஆலைக்குள் முப்பத்தைந்து ஆண்டு கழித்துக் கிடைத்த விடையாகவே அது தோன்றுகிறது.

நாட்டின் சட்டமும் மெல்ல இவ்வழியில் நடந்தது. நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் தொழிலகங்களில் இருதரப்பும் அமரும் பணிக்குழுவுக்கு 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டம் வகை செய்தது. 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தால், நிர்வாகத்தில் தொழிலாளர் பங்குபெறுதல் அரசியலமைப்பின் 43-அ பிரிவில் இடம்பெற்றது. ஏட்டில் இடம்பெற்ற அளவு கூடங்களில் இடம்பெறவில்லை என்பதை ஆலை வாசலில் நிற்கும் எவரும் சொல்வர்.

மஜூர் மகாஜனிலேயே ஓர் இடம் நெடுநாள் காலியாக இருந்தது. ஆலைகளில் புதிய எந்திரங்கள் வரவர முதலில் வேலையிழந்தவர் பெண்கள். அவர்கள் தலைச்சுமை தூக்கியும், துணி தைத்தும், பழைய துணி விற்றும் பிழைத்தனர். சங்கத்தில் அவர்களுக்குக் குரல் இல்லை. அச்சங்கத்தின் மகளிர் பிரிவில் பணியாற்றியவர் இளம் வழக்கறிஞர் ஈலா பட். அனசூயா அம்மையாரைத் தம் வழிகாட்டியாகக் கொண்டவர். சுயதொழில் செய்யும் பெண்களுக்கெனச் சேவா என்னும் சங்கத்தைப் பதிவு செய்யச் சென்றபோது, முதலாளி இல்லாத தொழிற்சங்கமா என்று பதிவாளர் தயங்கினார். முதலாளியை எதிர்க்க மட்டுமன்று, தொழிலாளர் ஒன்றுபடவே சங்கம் என்று வாதாடி, 1972 ஏப்ரலில் பதிவு பெற்றனர். அவ்வாண்டு நவம்பர் முதல் நாள், எண்பத்தேழு வயது நிறைவதற்குப் பத்து நாள் முன்னதாக, அனசூயா அம்மையார் மறைந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1981இல், கருத்து வேறுபாட்டால் தாய்ச்சங்கம் சேவாவை வெளியேற்றியது. பின்னர் அகமதாபாத்தின் பெரிய ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. காலிகோ ஆலையும் அவற்றுள் ஒன்று. ஆலைகளோடு மஜூர் மகாஜனும் தேய்ந்தது. வெளியேற்றப்பட்ட பெண்களின் சங்கமோ, தலைச்சுமைக்காரியும் பீடி சுற்றுபவளும் செயற்குழுவில் அமர்ந்து முடிவெடுக்கும் சங்கமாக, பல மாநிலங்களில் இலட்சக்கணக்கான உறுப்பினருடன் வளர்ந்து நிற்கிறது.